தீவுக்கு ஒரு புட்டி

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை விருந்து நடுவே அண்ணன் அர்னுல்ஃபோ மேசைமேல் வைத்த துப்பாக்கியை ஜோவலின் விரல் நுனியால்கூடத் தொடவில்லை. கொண்டுவந்தவனே எடுத்துக்கொண்டு போகும்படி ஆயிற்று. ஆனால் அது கிளப்பிவிட்ட சண்டை செவ்வாய்க்கிழமை விடியும்வரை வீட்டை விட்டு நகரவில்லை.

எல்லாம் ரோஹாஸ் ஊர் விவகாரத்தால் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு வேலையாகப் போய் அங்கே தங்கியிருந்தபோது, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து யாரோ சாவி போட்டு அறைக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் போட்ட கூச்சலில் ஆள் ஓடிவிட்டான். முகம் தெரியவில்லை. "யாராவது அறை மாறிப் போயிருப்பாங்க" என்று விடுதிக்காரர்கள் ஒரு குளிர்பானம் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டார்கள். வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் ஜோவலின் நினைத்திருந்தாள். நினைத்தது நடக்கவில்லை.

அர்னுல்ஃபோவுக்குக் காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் உத்தியோகம். அவனுக்கு எதற்கும் ஒரே மருந்துதான்.

"லைசன்ஸ் நான் வாங்கித் தர்றேன். பையில இது இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்."

"அண்ணா, கப்பல் ஏறும்போது பையைத் திறக்கச் சொல்வாங்க. விமானத்துல பேச்சே இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல காவலாளி வாங்கி வச்சுப்பான். மாசத்துல இருபது நாள் நான் இருக்கிறது இந்த மூணு இடத்துலதான். எனக்கு வேணும்ங்கிறப்ப எல்லாம் உன் துப்பாக்கி யாரோ ஒருத்தர் மேசை டிராயர்ல இருக்கும்."

அர்னுல்ஃபோ துப்பாக்கியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். பதில் சொன்னது அவள் கணவன் ரெனான்டே.

"அப்ப வேலையை விட்டுடு."

டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. இலோயிலோவில் வீடு, வேலை சுற்றிலும் உள்ள தீவுகளில். பதினொரு வருஷமாக அதுதான் பிழைப்பு, அதுதான் பெருமை. விட முடியாது என்றாள். திங்கள் முழுக்க இருவரும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அப்ப நானும் கூட வர்றேன்."

அப்படித்தான் செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு, பட்டறையைப் பூட்டிவிட்டு, வெல்டிங் செய்து முறுக்கேறிய தோள்களை நிமிர்த்திக்கொண்டு, ரெனான்டே இலோயிலோ துறைமுகத்தின் சோதனை வரிசையில் மனைவிக்குப் பின்னால் நின்றான்.

இயந்திரம் அலறியது. காவலாளி அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை வெளியே எடுத்தான்.

"இது எதுக்கு சார்?"

"பழம் வெட்ட."

"என்ன பழம்?"

"மாம்பழம்."

"சீசன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுதே சார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய் விழுந்தது. ரெனான்டேயின் காதுமடல் சிவந்துவிட்டது.

"வருத்தப்படாத," என்றாள் ஜோவலின், படகை நோக்கி நடந்தபடி. "இந்தத் துறைமுகத்துல நானே ரெண்டு பெப்பர் ஸ்பிரே தண்டம் அழுதிருக்கேன். ஏர்போர்ட்ல ஒண்ணு. அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. இப்பத் தீவுக்கு ஒரு புட்டி. செபுல ஒண்ணு, நெக்ரோஸ்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. அங்கங்க நர்ஸுங்க எனக்காக எடுத்து வச்சிருப்பாங்க. வேலையை முடிச்சுட்டு வாங்கிக்குவேன், ஊருக்குக் கிளம்பும்போது திருப்பிக் குடுத்துடுவேன்."

"இதையெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே, நான்டே."

அவன் அவளுக்கு முன்னால் படகில் ஏறினான். கடல் கொஞ்சம் கொந்தளிப்பாக இருந்தது. தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை போட்டான். பாதி வழியில் இன்னொன்று போட்டான்.

கடிஸ் ஊருக்குப் போவதற்காக நெக்ரோஸ் தீவின் பகோலோட் துறைமுகத்தில் இறங்கியதும் ஒரு இளைஞன் பாய்ந்து வந்து அவள் கையிலிருந்த நீலக் கருவிப் பெட்டியைப் பிடித்தான். "மேம், கடிஸ்தானே? ஏசி வேன். ஆளே இல்ல. இப்பவே கிளம்பலாம்."

"பார்த்தியா, நம்ம நேரம்," என்று ரெனான்டே மலர்ந்தான்.

ஜோவலின் பெட்டியை விடவில்லை. "ஆளே இல்லாத வண்டி எனக்கு வேண்டாம்பா. ஆள் நிறைஞ்ச வண்டியா இருந்தா சொல்லு."

பேருந்து நிலையத்துக்குப் போய், கோழிக்குஞ்சுக் கூடையும் அரிசி மூட்டையுமாகப் பிதுங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம் பிடித்தாள். பஸ் எண்ணைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். பதினொரு வருஷமா அனுப்பறேன். நீ திறந்து பார்க்கறதில்ல போல."

ரெனான்டே கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். வண்டி எண்களாகவே வந்து கிடந்தன. நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் கீழே அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுத் தள்ளிவிட்டிருந்தான்.

கடிஸ் டயாலிசிஸ் நிலையத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி பத்து. வழக்கமான சோதனைக்காக அவள் வரவேண்டிய நாள்தான்; ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நேற்று மாலையே நின்றுபோயிருந்தது. தண்ணீர் இல்லாமல் மற்ற இயந்திரங்களால் என்ன செய்ய முடியும்? ஆறு நோயாளிகள் சாய்வு நாற்காலிகளில் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் ஆறு தலைகளும் ஜோவலின் பக்கம் திரும்பின. அவளுக்குப் பின்னால் வந்த தோள் அகன்ற ஆளை யாரும் பார்க்கவில்லை.

அவள் தரையில் படுத்து இயந்திரத்தின் அடித்தகட்டைக் கழற்றினாள். ரெனான்டே டார்ச் பிடித்தான். இரண்டரை மணி நேரம் அவள் வேறு எதுவும் பேசவில்லை. 'இந்தப் பக்கம்', 'கொஞ்சம் கீழே', 'பிடி' என்பதோடு சரி. நீலப் பெட்டியிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு மின்சுற்றுப் போர்டை எடுத்து மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

ஓரத்து நாற்காலியில் இருந்த டிரைசைக்கிள் ஓட்டுநர், வீங்கிய காலை ரெனான்டேக்கு நீட்டிக் காட்டினார். "நேத்து எனக்கு முறை. நடக்கல. செருப்புக்குள்ள கால் நுழைய மாட்டேங்குது பாருங்க. உங்க வீட்டம்மா இன்னிக்கும் வரலேன்னா மூச்சு வாங்க ஆரம்பிச்சிருக்கும்."

ரெனான்டே அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலையை விடு என்று ஞாயிற்றுக்கிழமை தான் சொன்னது அவன் நினைவுக்கு வந்ததோ என்னவோ, எழுந்து போய்க் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டான். ஜோவலின் அதைக் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது நர்ஸ் லூர்தஸ் மருந்து அலமாரியைத் திறந்து கைக்கடக்கமான ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தாள். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி 'மேம் ஜோவி' என்று எழுதியிருந்தது.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்து ஒரு தடவை பார்த்துடறேன் லூர்தஸ்."

"வீட்டுக்காரர் வந்திருக்காரே, இது வேணுமா மேம்?"

"அவருக்கும் சேர்த்துதான்."

விடுதி கடைத்தெருவில் இருந்தது. வரவேற்பு மேசைப் பெண் பதிவேட்டைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "மேம் ஜோவலின், ரூம் நூத்தி மூணு, கீழ்த்தளம்," என்று சாவியை நீட்டினாள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் திரும்பினார்கள்.

"வேற அறை குடும்மா. மாடியில. எண்ணை வாயால சொல்லாத, எழுதிக் குடு."

அந்தப் பெண் உதட்டைச் சுழித்தபடி ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தள்ளினாள். பதிவேட்டிலும் பழைய எண்ணை அடித்துப் புது எண்ணை எழுதினாள். பதிவேடு மேசைமேல் திறந்தேதான் கிடந்தது.

அறைக்குள் வந்ததும் ஜோவலின் கதவைத் தாழிட்டாள். ஊசியைப் பிடுங்கினால் அலறும் முட்டை அளவு அலாரம் ஒன்றை ஜன்னல் திட்டில் வைத்தாள். பையிலிருந்து ரப்பர் ஆப்பு ஒன்றை எடுத்துக் கதவுக்கு அடியில் வைத்து, குதிகாலால் இரண்டு உதை விட்டு இறுக்கினாள்.

"நான்தான் இருக்கேன்ல," என்றான் ரெனான்டே.

"நீயும் இரு. அதுவும் இருக்கட்டும்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது. இரண்டு மாத்திரையும் அப்போதுதான் வேலையைக் காட்டின. கட்டிலில் சாய்ந்தவன் சாய்ந்ததுதான். மெய்க்காவலுக்கு வந்தவரின் குறட்டை ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

பிற்பகல் மணி மூன்று இருக்கும். ஜோவலின் மேசையில் அமர்ந்து வேலை அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது. யாரும் தட்டவில்லை.

"யாரு?"

"துண்டு மாத்த வந்திருக்கேன் மேம்."

துண்டுகளை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை. புதிதாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் அறைத் தொலைபேசியை எடுத்து வரவேற்புக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

"வேண்டாம். போங்க," என்றாள் உரக்க.

காலடி போகவில்லை. சாவி நுழையும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் பழையது, வெளியிலிருந்து ஒரு தள்ளில் அதன் ஆணி பிடுங்கிக்கொண்டது. கதவு இரண்டு விரல் அகலம் திறந்து, ஆப்பு கிறீச்சிட, அப்படியே நின்றது.

ரோஹாஸில் அவளால் கூச்சல் மட்டும்தான் போட முடிந்தது. இன்று வேறு வழிகள் கைவசம் இருந்தன. ஜன்னல் திட்டிலிருந்த அலாரத்தின் ஊசியைப் பிடுங்கினாள். காதைக் கிழிக்கும் ஊளை கிளம்பியது. ஒரு காலை ஆப்பின்மேல் ஊன்றிக்கொண்டு, சட்டை நுனியால் மூக்கை மூடி, முகத்தைத் திருப்பி, புட்டியைக் கதவிடுக்கில் முக உயரத்துக்குப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே ஒரு ஆள் ஓலமிட்டான். கதவின் அழுத்தம் நின்றது.

"தீ, தீ, எல்லாரும் வெளிய வாங்க," என்று அவள் அடித்தொண்டையில் கத்தினாள். திருடன் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தீ என்றால்தான் திறப்பார்கள்.

"தீயா? எங்க?" ரெனான்டே தலையணையோடு எழுந்து உட்கார்ந்தான். மறுகணம் இரும ஆரம்பித்தான். நெடி அறைக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. ஜோவலின் கண்ணில் நீர் வழிய ஜன்னலைத் திறந்துவிட்டாள். கதவை மட்டும் திறக்கவில்லை. நடையில் ஒன்றுக்கு நாலு குரல் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"வெளிய யாரு?"

"பெர்டிங். சமையல்காரன். என் கையில கரண்டிதாம்மா இருக்கு, பயப்படாதீங்க."

அவள் ஆப்பைத் தட்டி எடுத்தாள்.

நடையில் ஏழெட்டுப் பேர் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். பெர்டிங்குக்குக் கண்ணில் தாரை தாரையாக நீர். எதிர் அறை வாசலில் ஒருவன் முகத்தில் துண்டைப் பொத்தியபடி, "என்னங்க, எங்க தீ?" என்று எல்லோரையும்போல விசாரித்துக்கொண்டிருந்தான்.

"நான்டே," என்றாள் ஜோவலின் அமைதியாக. "அவர் துண்டை எடுக்கச் சொல்லு."

ரெனான்டே போய்ப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றான். அந்த உடம்பைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை. மாத்திரை மயக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

துண்டு இறங்கியது. மற்றவர்களுக்குக் கண்தான் கலங்கியிருந்தது. அந்த ஆளுக்கு நெற்றியிலிருந்து மோவாய்வரை வெந்த இறால் நிறம். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பெர்டிங் அவன் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்தார். வரவேற்பு மேசையின் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும் மாற்றுச் சாவி. அவளுடைய அறை எண் தொங்கியது.

மேசைப் பெண் வாயில் கையை வைத்தாள். "பத்து நிமிஷம் டீ குடிக்கப் போனேன் மேம்."

அந்த ஆள் கண்ணைக் கசக்கப் பார்த்தான். "கசக்காத, இன்னும் எரியும்," என்று ஜோவலின் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். "குனிஞ்சு ஊத்திக்க. போலீஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாத."

காவல் நிலையத்தில் சார்ஜன்ட் பலோமார் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ரெனான்டேயின் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். என்ன நடந்துச்சு?"

"அவளைக் கேளுங்க," என்றான் ரெனான்டே. "நான் தூங்கிட்டிருந்தேன்."

அவள் சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். சார்ஜன்ட் எழுதி முடிப்பதற்குள் அர்னுல்ஃபோவிடமிருந்து அழைப்பு வந்தது. யார் வழியாகவோ செய்தி அதற்குள் கடலைத் தாண்டியிருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல. துப்பாக்கி இருந்திருந்தா..."

"இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு கேளு, அண்ணா. கண்ணு ரெண்டும் எரியுது, ஒண்ணும் தெரியல. அந்த நேரத்துல கதவுகிட்ட முதல்ல ஓடி வந்தது சமையல்காரர். கரண்டியோட. நான் அவரைத்தான் சுட்டிருப்பேன்."

அர்னுல்ஃபோ துப்பாக்கிப் பேச்சை அதோடு விட்டுவிட்டான். "உனக்கு அடி ஒண்ணும் இல்லையே, இன்டே?" என்று கடைசியில் கேட்டான். தங்கையைச் சின்ன வயதில் அவன் கூப்பிட்ட செல்லப் பெயர் அது.

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தொண்டை கமறுது."

அவள் கைப்பேசியை வைத்ததும் சார்ஜன்ட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிடிபட்டவனின் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"மேம், அவன் உங்களைத் தேடி வரல. உங்க நீலப் பெட்டியைத் தேடி வந்திருக்கான். உள்ள இருக்கிற போர்டு ஒவ்வொண்ணுக்கும் மணிலாவுல வாங்க ஆள் இருக்காம். நீங்க அறையில இருப்பீங்கன்னே எதிர்பார்க்கலைங்கறான். சத்தம் கேட்டும் ஏன்டா போகலேன்னா பதில் இல்ல."

ஜோவலின் ரெனான்டேயைப் பார்த்தாள். ரோஹாஸிலும் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மூன்று வாரமாக வீடே வேறு என்னென்னவோ நினைத்து வெந்துகொண்டிருந்தது.

"அவனுக்கு எப்படித் தெரியும், நான் இன்னிக்கு இங்க தங்கறேன்னு?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

திரையில் ஒரு படம் இருந்தது. அவளுடைய இந்த வாரப் பயண அட்டவணை. எந்த நாள், எந்த ஊர், எந்த விடுதி. ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் பெரிய எழுத்தாக 'நீலப் பெட்டி' என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்கள். அனுப்பிய எண் அவளுக்குத் தெரியாத எண்.

ஆனால் அந்தத் தாள் தெரியும். அலுவலகத்தில் அது மூன்று பிரதிதான் அச்சாகும். ஒன்று அவள் பையில் இருக்கிறது, சிவப்பு மை படாமல். ஒன்று அட்டவணை போடுகிற எல்மரிடம் இருக்கும். மற்றொன்று பிரிவுத் தலைவி மிஸ் கப்ராலிடம். பதினொரு வருஷத்தில் எல்மர் அவளுக்கு ஒரு டிக்கெட்டைக்கூடத் தப்பாகப் போட்டதில்லை. அவளை வேலைக்கு எடுத்ததே மிஸ் கப்ரால்தான்.

ரெனான்டே அவள் தோளுக்கு மேலாக அந்தப் படத்தைப் படித்தான். "வா, இப்பவே ஊருக்குப் போயிடலாம்" என்று சொல்வான் என எதிர்பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மெஷினைப் பார்க்கணும்னு சொன்னியே," என்றான் அவன். "ராத்திரிக்கு லூர்தஸ் வீட்டுல இடம் இருக்குமான்னு கேட்டுப் பாரு. அட்டவணையில இல்லாத இடமா இருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல்முறையாக.

பிறகு அலுவலகத்துக்கு அழைத்தாள். ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். மிஸ் கப்ராலே எடுத்தாள்.

"மேம், நான் ஜோவலின். கடிஸ் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறேன். நான் நல்லா இருக்கேன், பெட்டியும் பத்திரமா இருக்கு. நாளைக்கு மூணு மணிக்கு ஆபீசுக்கு வர்றேன். நீங்களும் எல்மரும் இந்த வார அட்டவணையோட அங்க இருக்கணும். நகல் இல்ல, உங்ககிட்ட இருக்கிற அதே தாளோட."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எல்மர் இங்க என் பக்கத்துலதான் நிக்கறான்," என்றாள் மிஸ் கப்ரால் மெதுவாக. "அவன்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

"போனை ஸ்பீக்கர்ல போடுங்க மேம்," என்றாள் ஜோவலின். "ரெண்டு பேரும் ஒண்ணாவே கேட்டுக்கங்க."